திரும்பி வந்த நீலக் கடிதம்

பிள்ளைகளே, என் மேசை இழுப்பறையில் ஒட்டியபடியே ஒரு நீல ஏரோகிராம், அந்தக் கால விமானத் தபால் தாள், இருக்கிறது. அதைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்தோம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது என் வேலை. மேல்மாடியில் ஐஸ்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர், நாவல் எழுதுபவர், தனியாக இருந்தார். அவர் கதைகளில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பேச்சு விட்டுப்போன அக்கா தங்கைகள், கணவனிடம் கேட்க நினைத்ததைக் கேட்காமலே கிழவியான பெண்கள், அவ்வளவுதான். எழுதியதைப் பிற்பகலில் காப்பியோடு உங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷில் சொல்வார். "நம்ம தெருவுல இருந்து பார்த்த மாதிரி எழுதுறாங்க," என்பாள் அம்மா.

மூத்தவன் வயிற்றில் ஐந்து மாதம். அவளுடைய அம்மா ஊரில் இறந்துவிட்டதாக, பம்பாயிலிருந்த மச்சான் ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் தந்தி அடித்தார். பிரசவம் வரை சொல்ல வேண்டாம் என்றும் அதில் இருந்தது. பிள்ளைத்தாச்சியிடம் சாவு சொல்வதில்லையே நாம், மறைத்துவிட்டேன். அவளோ பதினைந்து நாளுக்கொரு முறை அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். தபாலில் போடுவதாக வாங்கிக் குளிர்கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வேன். பதில் வரவில்லையே என்றால் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்பேன்.

மனம் தாங்காமல் ஒருநாள் மாடிப்படியில் அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டேன். "என் கதைகளில் உன்னைப் போல நல்ல கணவர்கள் நிறையப் பேர்," என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தை பிறந்தது. நாற்பது நாள் போகட்டும் என்று மேலும் தள்ளினேன். சாவை நான் சொல்லியிருப்பேன் என்று நம்பி மேல்மாடிப் பெண்மணி தன் புதுக் கதையை அவளுக்குச் சொன்னார்: மீனவன் மனைவி ஒருத்தி, செத்துப்போனது தெரியாமல் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள், கடிதங்கள் கணவனின் கோட்டுக்குள்ளேயே கிடக்கின்றன.

உங்கள் அம்மா படியிறங்கி வந்து, நேராக என் கோட்டுப் பையில் கைவிட்டாள். அத்தனையும் இருந்தன.

"நான் எழுதும்போதெல்லாம் எதிர்லயே உட்கார்ந்து பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

அழவில்லை. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். பிறகு தன் அம்மா பேருக்கே இன்னொன்று எழுதி ஒட்டி நீட்டினாள். "இதையாவது போடுங்க." போட்டேன்.

இரண்டு மாதத்தில் அது திரும்பி வந்தது. ஊர்த் தபால்காரர் சிவப்பு மையில் 'காலமாகிவிட்டார்' என்று எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். தோளில் கை வைத்தேன். விலக்கினாள்.

அந்த நாவலில் மனைவி வீட்டை விட்டுப் போய்விடுகிறாளாம். உங்கள் அம்மா போகவில்லை. ஆனால் அதன்பின் ஒரு கடிதத்தைக்கூட என்னிடம் கொடுத்ததில்லை. முழங்கால் பனியிலும் தானே நடந்துபோய்த்தான் போடுவாள்.

இப்போது அவளும் இல்லை. நீலத்தாள் வெளுத்துவிட்டது, சிவப்பு மை அப்படியே இருக்கிறது. என்னைப் பற்றி உள்ளே என்ன எழுதினாளோ, பிரிக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் பிரியுங்கள். எதுவாக இருந்தாலும் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.