தையல்காரர் கட்டிய ஈ

தையல்காரர் இரண்டு மாதமாக இறகையும் நூலையும் வைத்துத் மீனை ஏமாற்றத் தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டினார். குடும்பத்தோடு மலையேறக் கிளம்பிய அன்று, "அங்க ஏரி நிறைய மீன் இருக்கு. சாப்பாட்டு மூட்டை எதுக்கு, கழுதைப் பாரம்?" என்று மனைவி கட்டிய மூட்டையை வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

ஏரிக்கரையில் மதியம் வரை தூண்டிலை வீசியதில் மாட்டியது பின்னால் நின்ற மனைவியின் தம்பி போட்டிருந்த தொப்பிதான்.

"மாமா, இதை வறுக்கவா, சுடவா?"

தையல்காரர் முறைத்துக்கொண்டே ஈயைத் தூண்டிலின் நைலான் நூலில் புதிதாக முடிந்தார். முப்பது வருடப் பழக்கம், மிச்ச நூலை முடிச்சோடு ஒட்டப் பல்லால் கடித்துத் துப்பினார். துணிக்கு அது சரி. வழுக்குகிற நைலானுக்குக் கொஞ்சம் நுனி விடவேண்டும். பெரிய மீன் ஒன்று கவ்வி இழுத்ததும் முடிச்சு உருவிக்கொள்ள, மீன் ஈயோடு போயே போய்விட்டது.

எல்லோர் வயிறும் கத்தியது. மனைவி தன் போர்வைச் சுருளைப் பிரித்தாள். உள்ளே பன்னும் அவித்த முட்டையும்.

"உங்களை நம்பி மலை ஏற நான் என்ன பைத்தியமா?"

இரண்டு முட்டை உள்ளே போனதும் அவருக்குப் பேச்சு வந்தது. "இவ்ளோ பெருசு!" என்று கையை விரித்தார். மூன்றாவது முட்டையில் மீன் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

"சட்டையெல்லாம் உடம்பை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி தைப்பீங்களே," என்றாள் மகள், "மீனுக்கு மட்டும் ஏன்ப்பா இவ்ளோ தாராளம்?"