பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய அறை

ஷாகுல் பாய் தம்பியின் இடத்துக்கு வர மாட்டேன் என்றார். தம்பி ரஃபீக் அண்ணன் கடைக்கு வர மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு ஃபைல் போயாக வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை.

நான் பேக்கேஜிங் டிசைனர். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடம் அது. சகோதரர்கள் இருவரும் மசாலா வியாபாரிகள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் கடை அண்ணன் பொறுப்பு. அரைக்கும் ஃபேக்டரி தம்பி பொறுப்பு. அவர்களுடைய அப்பா, அவர்கள் சொல்லும் வாப்பா, இறந்ததிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் மூலமாகத்தான். அண்ணனை நானா என்பது அவர்கள் வழக்கம்; "நானாட்ட சொல்லிடுங்க" என்றுகூட ரஃபீக் சொல்ல மாட்டார். "அவர்ட்ட சொல்லிடுங்க சிஸ்டர்" என்று வாட்ஸ்அப் வரும். அதை அனுப்பினால் "அவன்ட்ட சொல்லிடும்மா மாலா" என்று அண்ணனிடமிருந்து பதில் வரும். டிசைன் கட்டணத்தில் இந்தத் தபால்காரர் வேலை சேரவில்லை.

சண்டை, பிரியாணி மசாலா பெட்டியைப் பற்றியது. முன்பக்கத்தில் வாப்பா படம் வேண்டும் என்றார் அண்ணன். கூடவே கூடாது என்றார் தம்பி. ஒரு சூப்பர்மார்க்கெட் அவர்களுக்கு அலமாரியில் இடம் ஒதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை தவறினால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். எனக்கும் கையில் இருந்த ஒரே பெரிய வேலை அதுதான். அது போனால் பழைய பாஸுக்கு ஃபோன் போட வேண்டியதுதான்.

இடம் தேடிய கதை

இருவருக்கும் பொதுவான இடம் வேண்டும். என் அலுவலகம் என்பது பாசிர் ரிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அதற்கு மேலே துணி காயும். காப்பிக் கடையில் ஏற்கெனவே சூடுபட்டிருந்தேன். ஓர் ஊறுகாய் லேபிளைக் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "அந்தப் பச்சை நல்லால்ல லா" என்றார். கிளையண்ட்டும் உடனே மனம் மாறிவிட்டார்.

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு மீட்டிங் ரூம் விசாரித்தேன். வாடகையைச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில் இலவசம் என்றார்கள். சமூக மன்றத்தில் கேட்டால் அந்த வாரம் முழுக்க யோகா.

கடைசியில் ஒரு தோழி, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், கடைவீட்டு மாடியில் இருக்கும் துணைப்பாட நிலையத்தைச் சொன்னாள். அதை நடத்தும் வசந்தா டீச்சர், காலையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பிரியாணி விலைதான்.

"ஏர்கான் இருக்கு, ஒயிட்போர்டு இருக்கு, பன்னெண்டு பேர் உட்காரலாம்" என்றார் டீச்சர். "பன்னெண்டரைக்கு என் பிள்ளைங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள முடிச்சிடணும், ஓகேவா?"

போட்டோ அனுப்பினார். வட்ட மேசை, சிவப்பு நாற்காலிகள், பளபளக்கும் தரை. உடனே புக் செய்தேன். படத்தில் அளவு பார்க்க ஒரு மனிதர்கூட இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை

பன்னிரண்டு பேர் உட்காரலாம் என்றது பொய்யில்லை. ஐந்து வயதில் பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நாற்காலி என் முழங்காலுக்குக் கீழே நின்றது. வேறு நாற்காலி தேடலாம் என்று திரும்பினால், படியில் காலடிச் சத்தம்.

ஷாகுல் பாய் நல்ல பருமன். ரஃபீக் நல்ல உயரம். இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நாற்காலியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் மட்டும் பார்க்கவில்லை.

"என்னம்மா இது, கே டூ பாலர் கிளாஸா?" என்றார் ஷாகுல் பாய்.

"சிம்பிளான ரூம், பாய்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மெல்ல இறங்கி உட்கார்ந்தார்கள். ரஃபீக்கின் முழங்கால்கள் அவர் தாடியைத் தொட்டன. நான் லேப்டாப்பைத் திறந்து இரண்டு மாதிரிகளையும் காட்டினேன்.

"அவன்ட்ட கேளும்மா. வாப்பா மூஞ்சியப் போட்டா இவனுக்கு என்ன கேவலம்?"

"கேவலம்னு நான் சொல்லல சிஸ்டர். வேணாம்னுதான் சொன்னேன்."

"இப்படியே பேசினா எப்படி? நான் போறேன்." ஷாகுல் பாய் விருட்டென்று எழப் பார்த்தார். பாதிதான் எழ முடிந்தது. நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. மேசையைப் பிடித்தார், மேசை சாய்ந்தது, என் லேப்டாப் சறுக்கியது. நான் லேப்டாப்பைப் பிடித்தேன். ரஃபீக் பாய்ந்து அண்ணனைப் பிடித்தார்.

"மெதுவா நானா! கையக் குடுங்க. முட்டி, முட்டி பாத்து."

நாற்காலியைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டோம். கழன்ற பிறகும் ஷாகுல் பாய் தம்பியின் கையை விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்டா வேணாங்கிற?"

ரஃபீக் தரையைப் பார்த்தார். "சாமான் தீர்ந்ததும் பெட்டியக் கிழிச்சு குப்பையில போடுவாங்க நானா. மீன் முள்ளு, முட்டை ஓடு, அதுக்கு நடுவுல வாப்பா மூஞ்சி கெடக்கும். என்னால முடியல."

நான் லேப்டாப்பில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கண் கரித்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஷாகுல் பாய்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. படம் கடையில் கல்லாவுக்கு மேலே. பெட்டியில், வாப்பா மூட்டைகளின் மேல் எழுதுவாரே, அந்தத் தடித்த எழுத்து. ஷாகுல் பாய் போர்டில் எழுதிப் பார்த்தார், வரவில்லை. "நீ எழுதுடா. உன் கைதான் அச்சு அசல் வாப்பா கை." ரஃபீக் தன் சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து, போர்டு நிறைய "பிரியாணி மசாலா" என்று எழுதினார்.

"எழுத்தயும் கிழிப்பாங்களே, பரவால்லயா?" என்று கேட்டேன்.

"எழுத்துதானே சிஸ்டர். திருப்பி எழுதிக்கலாம்."

நான் போட்டோ எடுத்துக்கொண்டு டஸ்டரால் அழித்தேன். அழியவில்லை. ரஃபீக்கின் மார்க்கர் அட்டைப் பெட்டிகளில் எழுதும் பெர்மனென்ட் மார்க்கர். மணி பன்னிரண்டே கால். கை கழுவும் சானிடைசர், டிஷ்யூ, ஷாகுல் பாயின் கைக்குட்டை எல்லாவற்றையும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. வசந்தா டீச்சர். அவருக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில்களோடு குட்டிப் பிள்ளைகள்.

"யாரு இது எழுதினது?"

ரஃபீக் வாயைத் திறந்தார். அதற்குள் ஷாகுல் பாய் முன்னால் வந்து நின்றார். "நான்தான் டீச்சர். தம்பி எழுதல."

"யாரா இருந்தா என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து தொடைங்க."

துடைத்தார்கள். ஃபைல் அன்று மாலையே அச்சகத்துக்குப் போனது.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாடகை அறையை நேரில் போய்ப் பாருங்கள், நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் வெட்கத்தோடு கற்றுக்கொண்டது வேறு. கிளையண்ட் எதை வேண்டாம் என்கிறார் என்று குறித்துக்கொள்வது பாதி வேலைதான். ஏன் என்று கேட்பது மீதிப் பாதி. மூன்று வாரம் செய்தி கொண்டுபோய்க் கொண்டுவந்த நான், அந்தக் கேள்வியை ரஃபீக்கிடம் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.