ஒரே நாளில் எல்லா வீட்டு எலும்பும்

தீபாவளிக்கு எங்கள் லைனில் கூறு போடுவது அப்பாவின் வேலை. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு வரிசை வீடுகளை லைன் என்போம். திருநெல்வேலி, வேலூர், மதுரை என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து ஒரு ஆடு வாங்குவார்கள். பூந்தமல்லியிலிருந்து பாய் ஒருவர் சைக்கிளில் வந்து அறுத்து, உரித்து, வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு அப்பா தென்னங்கீற்றை விரித்துக் குந்திக்கொள்வார். கறி, ஈரல், கொழுப்பு, நெஞ்செலும்பு, நல்லி. ஒவ்வொரு கூறிலும் எல்லாமும் சமமாக இருக்க வேண்டும். அவர் போட்ட கூறில் யாரும் குறை சொன்னதில்லை.

வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். நாயிடம் பேசுவார். தொழிற்சாலையில் யார் என்ன சொன்னார்கள், கால்வலி எப்படி இருக்கிறது, எல்லாம் நாய்க்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அது லைனின் பொது நாய். செம்மண் நிறம், ஒரு காது பாதிதான். வீட்டுக்கு வீடு அதற்கு வேறு பெயர். எல்லாப் பெயருக்கும் வாலாட்டும். படுப்பது மட்டும் எங்கள் வாசலில்.

நான் அப்போது டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். நாள் முழுவதும் நின்றுகொண்டு அளப்பது, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போடுவது. அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாளே வேலை. சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழங்காலிட்டிருந்தார். நாய் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிப் படுத்திருந்தது.

"வெடிக்குப் பயந்துகிட்டுக் கெடக்கு, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று லைனில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் அதைத்தான் நம்பியிருந்தார். ஆனால் பக்கத்தில் மஞ்சள் நுரையாக வாந்தி கிடந்தது. நாய் எழுந்தது, முதுகை வில்லாக வளைத்து முக்கியது, ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது, மறுபடி படுத்துக்கொண்டது. வெடிக்குப் பயந்த நாய் முக்காது.

என்ன தின்றது என்று கேட்க வீடு வீடாகப் போனேன். எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு வாளி வெந்நீரும் தூக்கமும்தான்.

பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அத்தை, "ஒரே ஒரு நல்லிதான்ட்டி போட்டேன். குக்கர்ல வெந்து பஞ்சு மாதிரி இருந்துச்சு. அது என்ன செய்யும்?" என்றார்.

அடுத்த வீட்டில் இரண்டே துண்டு. அதற்கடுத்த வீட்டில் பிள்ளைகள் கடித்து மீந்தது மட்டும். கடைசி வீட்டுக்காரர் மெட்ராஸிலேயே பிறந்தவர், சிரித்துவிட்டார். "நாய்க்கு எலும்பு போடாம அல்வாவா போடுவாங்க? இன்னாம்மா பேசுற நீ, பட்ச்ச பொண்ணு!"

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் போட்டிருந்தார்கள். மற்ற நாட்களில் ஒரு வீட்டில் கறி என்றால் நாலு வீட்டில் சாம்பார். கூறு போட்ட அன்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குக்கர் சத்தம் போட்டது, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தட்டு கழுவினார்கள். அப்பா அவ்வளவு கவனமாகச் சமமாய்ப் பிரித்த எலும்பு முழுவதும் ஒரே வயிற்றில் சேர்ந்திருந்தது.

நான் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா நாயின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அத்தை விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்து, "வாயத் தொறந்து ஊத்துங்கண்ணே, வழுக்கிட்டு வந்துரும்" என்றார். வேண்டாம், டாக்டரிடம் காட்டுவோம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தைக்கு வருத்தம். அதையும் அப்புறம் சரிசெய்ய வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

காலையில் நான் லீவு சொல்லி அனுப்பினேன். ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். கடைசியில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். அவர் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, கால்நடை மருந்தகம்வரை நடந்தோம். வழியெல்லாம் நனைந்த பட்டாசுக் காகிதம். அன்று மட்டும் அப்பா நாயிடம் எதுவும் பேசவில்லை.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. எலும்புத் தூளெல்லாம் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிடுச்சு. வேகவச்ச எலும்பா?"

"குக்கர்ல வேகவச்சது சார். மெத்துன்னுதான் இருந்திருக்கும்" என்றார் அப்பா.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. வெந்த எலும்பு சில்லுச் சில்லா உடையும், உள்ளே போய்க் கீறும். எண்ணெய் கிண்ணெய் வாயில ஊத்தினீங்களா?"

"இல்ல சார்."

"நல்லவேளை. புரையேறி நுரையீரலுக்குப் போயிருந்தா நாய் போயிருக்கும்." சோப்புத் தண்ணீரை ஆசனவாய் வழியாக ஏற்றினார்கள். முதுகுத் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்கள். "நாளைக்குள்ள வெளிக்குப் போகணும். போகலைன்னா மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன்தான். தாங்குமான்னு சொல்ல முடியாது. யாரு வீட்டு நாய்?"

"லைன் நாய் சார்."

"லைன்ல யார் பார்த்துக்குவாங்க?"

அப்பா சாக்கின் நுனியை மடித்தார், பிரித்தார். "என் நாய்தான் சார்" என்றார்.

வீட்டில் செய்ய வேண்டியவை: கஞ்சித் தண்ணீர், சிறிது சிறிதாக. சாக்கை மாற்றுவது. வாந்தியைக் கழுவுவது. லைனில் யாரும் எதுவும் போடாமல் காவல் இருப்பது. கடைசி வேலை அப்பாவுக்கு, மற்றவை எனக்கு. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "உங்கப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நான் இத்தனை தடவ வடிச்சதில்ல" என்றாள். ஆனாலும் அடுத்த தடவைக்கு உலை வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தொட்டிப் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"போயிருச்சு! வெளிக்குப் போயிருச்சு!"

லைனே வெளியே வந்தது. சாக்பீஸை நொறுக்கிக் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தார்கள். "அண்ணாத்தே, ஆஸ்பத்திரில பேரப்புள்ள பொறந்த மாரி கூவுற!" என்றார் கடைசி வீட்டுக்காரர். அத்தை அருகில் வந்து, "அவ்வளவும் நம்ம எலும்பா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ரயிலைத் தவறவிட்டேன்.

பொங்கலுக்கு மறுபடி கூறு வந்தது. எலும்பில்லாமல் கூறு போடலாமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். எலும்பில்லாத குழம்பு குழம்பா என்று லைன் முழுவதும் சண்டைக்கு வந்தது. எனவே கூறு பழையபடியே போட்டார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரு வாளியோடு வீடு வீடாகப் போய்த் தின்று மீந்த எலும்பைத் திரும்ப வாங்கினார். "வசூல் வந்தாச்சு" என்று சிரித்தாலும் எல்லோரும் கொடுத்தார்கள். நாய் வாளிக்குப் பின்னாலேயே கடைசி வீடுவரை நடந்தது. பின்புறம் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினார். நாய் உடனே தோண்ட ஆரம்பித்தது. உடைந்த துவைகல்லை உருட்டிவந்து மேலே வைத்தார். நாய் பக்கவாட்டில் தோண்டியது. கடைசியில் அவரே கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பட்டறையில் அன்றும் லீவு இல்லை; நான் வேலை முடிந்து வந்தபோதும் அங்கேதான் இருந்தார். நாய் எதிரே, அவர் முகத்தைப் பார்க்காமல், கல்லையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அவர் அதனிடம் மெல்லிய குரலில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்ப்பா இப்படி?"

"அது எந்திரிச்சுப் போகட்டும்."

"அது போகாதுப்பா."

"தெரியும்" என்றார்.

நான் பையை உள்ளே வைத்துவிட்டுக் கை கால் கழுவினேன். அம்மா நீட்டிய காபியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்துகொண்டேன்.