டூட்டி மாத்திரை

என் கணவரைப் போதைக்காரன் ஆக்கியது நீங்கள்தான், கான்ட்ராக்டர் சார். பிராந்திக் கடையும் இல்லை, கெட்ட சகவாசமும் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதம். நாங்கள் எளாவூரில் குடியிருந்தோம். அவர் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பி ஆலையில் உங்கள் கான்ட்ராக்ட் ஆளாக லோடிங் வேலை பார்த்தார். ஒரு நாள் கம்பிக் கட்டைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. இரண்டு நாள் லீவு கேட்டார்.

"நீ ஊட்ல உக்காந்தா உன் எடத்துக்கு வேற ஆளு வந்துடுவான் நைனா. இத்தப் போடு, வலி ஓடிடும்" என்று உங்கள் மேஸ்திரி ஒரு அட்டை மாத்திரையைக் கையில் திணித்தார். லோடிங் ஆட்கள் அதை டூட்டி மாத்திரை என்பார்கள். போட்டால் டூட்டி ஓடும்.

ஓடியது. லீவே இல்லாமல் தினம் பன்னிரண்டு மணி நேரம் தூக்கினார். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. கேட்டபோதெல்லாம் மேஸ்திரி கொடுத்தார்.

நான் என்ன செய்தேன்? எங்கள் தெருப் பெண்கள் செய்வதைத்தான். அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பேன். ஊதுவார். பிராந்தி வாடை இருக்காது. எனக்குப் பெருமை தாங்காது. ரேஷன் கடை வரிசையில் பீற்றிக்கொள்வேன். "ஆமாண்டி, உன் ஊட்டுக்காரரு பாலு குடிச்சிக்கினு தூங்குற கொழந்த" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்வார். தூக்கம் என்னவோ உண்மை. சாப்பிடும்போதே தட்டில் கவிழ்வார். உழைத்த அசதி என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால், ரிப்பேருக்காக ஆலையை நாலு நாள் மூடினார்கள். மாத்திரை கிடைக்கவில்லை. இரண்டாம் நாளே மூக்கு ஒழுகி, வியர்த்துக் கொட்டி, வயிற்றுப்போக்கோடு பாயில் சுருண்டு துடித்தார். விஷக் காய்ச்சல் என்று பயந்து திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "இவரு குடிக்கவே மாட்டாரு மேடம்" என்று அங்கேயும் பெருமை பேசினேன். டாக்டரம்மா அவர் சட்டைப்பையில் இருந்த காலி அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது அபின் ஜாதி மாத்திரைம்மா. டாக்டர் பார்த்து அளவா எழுதித் தரணும். ரெஸ்ட் குடுக்க வேண்டிய ஒடம்புக்கு இதையே குடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஒடம்பு பழகிடுச்சு. திட்டாதீங்க, இது திமிரு இல்ல, வியாதி. சரி பண்ணலாம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஜாலிக்குப் போடல. வேலைக்குப் போவத்தான் போட்டேன்" என்றார்.

மாதக்கணக்கில் சிகிச்சை. நடுவில் ஒரு தரம் மறுபடி மாத்திரையில் விழுந்து எழுந்தார். தேறி வேலைக்குப் போனபோது கேட்டிலேயே மறித்தார்கள். "போதை கேஸுக்கெல்லாம் இங்க வேலை இல்ல, போ போ." சொன்னது அதே மேஸ்திரி.

தினமும் வாயை முகர்ந்து பார்த்த நான், இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை அறுக்கிறது. உங்களுக்கு வெட்கம் உண்டா சார்? ஷிப்ட் மாறும் நேரத்தில், அத்தனை ஆட்களும் நிற்கும்போது, கேட்டுக்கு வெளியே வந்து பதில் சொல்லுங்கள்: லீவு கேட்டவனுக்கு ஏன் மாத்திரை கொடுத்தீர்கள்?