மதில் சுவருக்கு மேல் வந்த மாத்திரை

உழவர்கரையில் இதய மாத்திரையைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவன் கிடையாது. பொய். போன வாரம் வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறம்தான். காலையில் ஒரு வெள்ளை, ராத்திரி அதில் பாதி. நாலாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. அட்டையில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு எறும்பு வரிசை.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சு மரியாதைப்படி நான் முசியே என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் பிரான்சில், இவர் இங்கே தனியாக. எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி. நெஞ்சு திடீரென்று தறிகெட்டு அடிக்கும். தினமும் காலையில் மதிலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று மாத்திரை போடுவோம்.

அன்று போட்டும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஷேர் டெம்போ ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது.

“உன்னுது லோக்கல் சரக்குய்யா,” என்றார் முசியே. “இது பெரியவன் பாரீசுலேர்ந்து அனுப்பனது. அட்டைய வச்சிக்க, ஒண்ணு போடு.”

எங்கள் தெருவில் பிரான்சு சோப்பு வந்தாலே முகர்ந்து பார்க்க நாலு பேர் வருவார்கள். மாத்திரையை விடுவேனா? விழுங்கினேன். மூலக்குளத்தில் ஆள் ஏற்ற வண்டியை நிறுத்தியவன் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த மனைவி, திட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: “அவரு ஜன்னலச் சாத்திக்கினு கெடக்காரு. உன்னக் கொல்லப் பாத்துட்டாராம். அவரு மாத்திரையயும் நிறுத்திட்டாரு.”

எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. டாக்டரம்மாவிடம், “அவருது விஷமா?” என்று கேட்டேன்.

என் சட்டைப்பையில் கிடைத்த இரண்டு அட்டைகளையும் அவர் காட்டினார். “பயம், கோவம் வந்தா இதயத்த விரட்டுற ஹார்மோன் இருக்குல்ல, அத உங்க மாத்திரை அண்டவிடாது. அவரோடது கால்சியம் உள்ள போறதக் குறைக்கும். மேலறையிலேர்ந்து கீழறைக்கு வர்ற மின்சாரம் மெதுவாயிடும். வழி வேற, ரெண்டுமே துடிப்பத்தான் குறைக்குது.”

“ஒரே வண்டிக்கு ரெண்டு பேரு பிரேக் போட்டாப்லயா?”

“அதேதான். வண்டி நின்னுடப் பாத்துது. அவருக்கு அது நல்ல மருந்து. அவர நிறுத்தாம போடச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் மதிலருகே போய்க் கத்தினேன். “முசியே, தப்பு மாத்திரை மேல இல்ல, என் மேல. நீங்க உங்களுதப் போடுங்க.” ஜன்னல் திறக்கவில்லை. நேற்றும் போனேன். டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்த மற்ற மாத்திரை வகைகளையும் சேர்த்துச் சொன்னேன். காகிதத்தில் எழுதி உள்ளே போடலாம் என்று இன்று காலை உட்கார்ந்தேன்.

துடிப்பை அடக்கும் மாத்திரை மொத்தம் நாலு வகையாம். எங்கள் இரண்டு போக மிச்சம் இரண்டு. ஒன்று, உப்பில் இருக்கிற சோடியம் இதயத்தின் உயிரணுக்களுக்குள் பாய்வதைக் குறைத்து, மின்சாரம் பரவும் வேகத்தைத் தணிக்கும். இன்னொன்று, பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதமாக்கும். அதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஓய்வு. அந்த ஓய்வு நேரத்தில் குறுக்கே புகப் பார்க்கும் கள்ளத் துடிப்பு—

“யோவ், உள்ள இன்னா பண்ற?” மதிலுக்கு அந்தப் பக்கம் முசியே. “சொம்புத் தண்ணியோட நின்னுகினு இருக்கேன். மாத்திரைய எடுத்துகினு வா. உன்னுத மட்டும்.”