குங்குமம் விழுந்த தூண்டில்

முடிச்சுப் போடாமல் நூலைக் கட்ட முடியும் என்று எனக்குக் காட்டியது சித்திதான். அதுவரைக்கும் கட்டுவதென்றால் முடிச்சு, அவிழ்ப்பதென்றால் பல். நூலைப் பற்றிய என் அறிவு அவ்வளவுதான்.

சித்தி அம்மாவின் தங்கை. கொழும்புக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டுக்குத் தூண்டில் செய்து அனுப்பும் ஒரு ஃபெக்டரியில் பல வருசம் வேலை பார்த்தவள். அதை மூடிவிட்டார்கள் என்று ஒருநாள் சூட்கேசும் கையுமாகத் தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடாக இருந்த எங்கள் லயத்துக்கு வந்து நின்றாள். சூட்கேசைத் திறந்தால் உடுப்பை விட நூல் உருண்டைகள்தான் அதிகம். கடைசி நாளில் ஆளாளுக்கு நாற்காலி, ஃபேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். சித்தி மிச்ச நூலைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அம்மா தலையில் கை வைத்தாள். பிறகு, "ஃபேன கொண்டாந்து மட்டும் இந்தக் குளிருக்கு என்ன பண்ணப் போறோம்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேலையில்லாமல் வந்தவளுக்கு என்ன வழி என்று வீட்டில் யோசித்தார்கள். பக்கத்து லயத்தில் இரண்டு பேர் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தியும் போகலாம் என்று அப்பா முடிவு செய்தார். ஹட்டனில் ஏஜெண்டைப் பார்த்துப் பேசினார். பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்தாகிவிட்டது. அந்தப் படத்தில் சித்தி சிரிக்கவில்லை. சிரிக்காத சித்தியை நான் முதன்முதலில் பார்த்தது அதில்தான்.

அவள் போகக் கூடாது என்பது என் ஒரே வேண்டுதலாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில், மழை நாளில் சறுக்கும் படிகளில், என் பையையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள் அவள். சறுக்கி விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வாயைக் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை. தொரையைப் பார்க்க அடிக்கடி கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மாத்தயா வருவார். தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவர். வந்தால் டேமில் மீன் பிடிக்காமல் போகமாட்டார். அந்த முறை அவருடைய தூண்டில் ஜீப் கதவில் மாட்டி முறிந்துபோனது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றபோது, யாரும் கேட்காமலே மாமா, "எந்தங்கச்சி செய்வா சேர்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே மாத்தயா வெறும் கம்பு, வளையங்கள், இரண்டு போத்தல் பசை எல்லாம் கொடுத்தனுப்பினார். நல்ல நிறமாக, பார்த்ததும் கண் நிற்கிற மாதிரி நூல் சுற்றித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்ப்பார். பிடித்தால் வீட்டிலிருந்தபடியே செய்வதற்குத் தொடர்ந்து வேலை கொடுப்பார்.

"மச்சான், இது சரிவந்திருச்சின்னா நான் குவைத்துக்குப் போகல" என்றாள் சித்தி.

அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவார். "சரிவந்தா பாப்பம்" என்று சொல்லிவிட்டு, கம்பளியை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

சித்தி ஒரு அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் பள்ளம் வெட்டி, அதில் கம்பைக் கிடத்தினாள். நூல் தளராமல் வர வேண்டுமென்றால் அது ஏதாவது பாரத்துக்கு அடியிலிருந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் தடித்த புத்தகம் என்றால் என்னுடைய புலமைப்பரிசில் பரீட்சைப் பயிற்சிப் புத்தகம் ஒன்றுதான். அதற்குள் நூலைக் கொடுத்து மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தாள். எங்கள் குடும்பத்தில் ஒரு புத்தகம் அப்படி உடனடியாகப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்ததை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இன்னும் புல்லரிக்கும். நூலின் முனையைக் கம்பின் மேல் நீளவாக்கில் படுக்க வைத்தாள். கம்பை உருட்ட உருட்ட, நூல் அந்த முனையின் மேலேயே ஏறி, தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு போனது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லை. நகத்தால் தடவிப் பார்த்தால் நூல் என்றே தெரியாது, வழுவழுவென்று இருக்கும். முடியப் போகிற இடத்தில் வேறொரு நூலை வளையமாக மடித்து உள்ளே வைத்துச் சுற்றினாள். கடைசி முனையை அந்த வளையத்துக்குள் கொடுத்து, வளையத்தைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. முனை சுற்றுகளுக்கு அடியில் புகுந்து காணாமல் போய்விட்டது.

"எங்க சித்தி முடிச்சு?"

"தேடு."

தேடினேன். விரலால் தேடினேன், கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்த் தேடினேன். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

தூண்டில் இரண்டு துண்டு. வளையங்கள் வைத்த மேல் துண்டை முதலில் முடித்து ஒரு பைப்புக்குள் போட்டு வைத்தாள். கைப்பிடிக்கு மேலே வரும் கீழ்த் துண்டில்தான் அலங்காரம். மஞ்சளும் சிவப்புமாக நூல்களை எதிரெதிர்ச் சாய்வில் கொண்டுபோனாள். முதலில் ஒன்றும் புரியவில்லை, யாரோ கிறுக்கியது மாதிரி இருந்தது. அடுத்த நூல் பக்கத்தில் படிந்தது. அதற்கடுத்தது அதன் பக்கத்தில். நூல்கள் வெட்டிக்கொண்ட இடங்களில் மெல்ல மெல்லக் கண்கள் திறந்தன. மஞ்சள் கண், அதற்குள் சிவப்புக் கண், அதற்குள் ஒரு பொட்டு மாதிரி மறுபடி மஞ்சள். நான் மூச்சு விடுவதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "வாய மூடுடா, நூல்ல எச்சி விழுந்துறப் போவுது" என்றாள் சித்தி.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு போத்தல் பசையையும் கலந்து அதன் மேல் பூசினாள். பூசப் பூச நூல் நனைந்து, மஞ்சளுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி ஆனது. ஆனால் பசை காய்கிற வரைக்கும் கம்பு நிற்காமல் உருள வேண்டும். நின்றால் பசை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கிவிடும். ஃபெக்டரியில் அதற்கு மோட்டார் இருந்ததாம். எங்கள் வீட்டில் நான் இருந்தேன்.

இடம்தான் பிரச்சினை. லயத்து வீட்டில் அடுப்புப் புகையும் தூசியும் படாத மூலை சாமி மேசை ஒன்றுதான். அட்டைப் பெட்டியைத் தூக்கி மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, கம்பைக் கிடத்தி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சித்தி மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனாள். அம்மா விறகு பொறுக்கப் போயிருந்தாள்.

அது தோட்டத்தில் திருவிழா வாரம். அப்பா காப்புக் கட்டியிருந்தார். தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவர், சாமி மேசையைப் பார்த்து அப்படியே நின்றார். அங்கே மஞ்சளும் சிவப்புமாக நூல் சுற்றிய ஒரு கோல். அவருடைய மணிக்கட்டிலும் அதே மஞ்சள் நூல்.

"சித்தியா வச்சா?"

"ஆமாப்பா."

"நூலெல்லாம் அவளே சுத்துனாளா?"

"ஆமாப்பா. மூணு நாளா."

"நீ என்ன பண்ற?"

"நிப்பாட்டக் கூடாதுன்னு சித்தி சொல்லுச்சு."

கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். அப்பாவின் முகம் ஒரு மாதிரி இளகியது. "பயந்து போயி நேந்திருக்கு புள்ள" என்றார். சந்தனம் எடுத்துக் கம்பின் அடியில் பூசினார். குங்குமத்தை விரலால் எடுத்துத் தூவினார். கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, போற எடத்துல அதுக்கு ஒன்னும் ஆயிறக் கூடாது" என்று முணுமுணுத்தார். இதுவும் தூண்டில் செய்வதில் ஒரு கட்டம், ஃபெக்டரியிலும் இப்படித்தான் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைத்து, நானும் ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் கும்பிட்டேன்.

ஈரத் தலையோடு வந்த சித்தி அதைப் பார்த்தாள். பசைக்குள் குங்குமம் பொட்டுப் பொட்டாக இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. துடைத்தால் எல்லாமே போய்விடும். அவள் அழவில்லை. கம்பை என்னிடமிருந்து வாங்கி, விட்ட இடத்திலிருந்து உருட்ட ஆரம்பித்தாள். "இது தூண்டில் மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

சாயந்தரம் மாமாவும் வந்து சேர்ந்தார். இப்போது பிரச்சினை குங்குமம் இல்லை, அப்பா. சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டதை மீன் பிடிக்கக் கொடுக்க முடியாது என்றார்.

"காப்புக் கட்டியிருக்கேன். கருவாட்டு வாசங்கூட இந்த வாசப்படி ஏறல. அம்மனுக்கு வச்சத எடுத்துட்டுப் போயி மீன் வாயில மாட்டவா?"

"மச்சான், அந்த மாத்தயா நாளைக்குப் பகலே கொழும்புக்குப் போயிருவாரு. வேற செய்ய நேரமில்ல" என்றாள் சித்தி.

"நான் வேணும்னேவா செஞ்சேன்? சாமி மேசைல வச்சா யாருக்குத் தெரியும்?"

மாமா தொண்டையைச் செருமினார். "இல்ல மச்சான், தெரியாமத்தான் கேக்குறேன். நம்ம அம்மன் என்ன சைவமா? திருவிழா முடிஞ்சதும் கெடா வெட்டுறோம். கெடா திங்கிற சாமி கெண்டை மீனுக்கா கோவிச்சுக்கும்?"

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா மாமாவை முறைத்தார். "ஒங்கிட்ட கேட்டனா? நீ வாய வச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா இந்தத் தூண்டிலே வந்திருக்காது."

சித்தி கம்பை உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளையும் அந்தக் கம்பையும் அப்பா மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அம்மன்கிட்டயே கேட்டுருவம்" என்று எழுந்தார். "பூப் போட்டுப் பாப்பம். வெள்ள வந்தா குடுத்துரு. செவப்பு வந்தா, தூண்டில் கோயிலுக்கு, நீ குவைத்துக்கு."

வாசலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ரோஜாச் செடிகள், வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. அப்பா தனியாகப் போய்ப் பூப் பறித்து, அங்கேயே கடதாசியில் மடித்து, இரண்டு பொட்டலமாகக் கொண்டுவந்தார். சாமி படத்துக்கு முன்னால் போட்டார். "தம்பி, கும்புட்டுட்டு ஒன்ன எடு."

சித்தி உருட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. கம்பில் இருந்த அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன. இடது பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோய், பயந்து, வலது பக்கத்தை எடுத்தேன். அப்பா வாங்கிப் பிரித்தார்.

வெள்ளை.

மாமா ஒரு குலவையே போட்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உத்தரவு குடுத்துட்டா" என்று சொல்லிவிட்டு, ஸ்டோருக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேல் துண்டு இருந்த பைப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாத்தயா இரண்டு துண்டையும் பொருத்தி, வளைத்துப் பார்த்தார், வெயிலில் திருப்பிப் பார்த்தார். சுற்றுகளை விரலால் தடவினார். அவரும் முடிச்சைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அவருக்காகப் பாவப்பட்டேன். பிறகு பளபளப்புக்கு உள்ளே கிடந்த சிவப்புப் பொட்டுகளைக் காட்டிக் கேட்டார். "டிசைன், சேர்" என்று மாமா முந்திக்கொண்டார். சித்தி மாமாவை விலக்கிவிட்டு, நடந்ததையெல்லாம் சிங்களத்தில் அப்படியே சொன்னாள், பூப் போட்டது வரைக்கும். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பை நெற்றியில் ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

டேமில் அன்றைக்கு அவருக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை. ஆனால் ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு கட்டு வெறும் கம்புகளை எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். "மீனையும் காப்பாத்திட்டா, எந்தங்கச்சியையும் காப்பாத்திட்டா" என்று மாமா வழியெல்லாம் அம்மனைப் பாராட்டிக்கொண்டு வந்தார். குறுக்குப் பாதையில் சித்தி வேண்டுமென்றே சறுக்கி விழுந்தாள் என்று நினைக்கிறேன். கம்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா பீலியில் துணி துவைத்தாள். நான் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலம் விழுந்தது. அம்மா பிரித்தாள். உள்ளே வாடிய ரோஜா இதழ்கள்.

வெள்ளை.

அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு நனைந்த கையோடு இதழ்களை மறுபடி கடதாசியில் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தச் சட்டையைக் கல்லில் அடிக்காமல், கையாலேயே கசக்கினாள்.

எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது. சிவப்புப் பூவை அம்மன் வெள்ளையாக்கிவிட்டாள்! சட்டைப் பைக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல்! அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னேரம் ஓடிவந்து, கம்பளிக்குள் கிடந்த அப்பாவை உலுக்கி எழுப்பி அவருக்கும் சொன்னேன்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "அப்பிடியா?" என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

அவ்வளவு பெரிய அற்புதத்துக்கு அவர் ஏன் அவ்வளவு கொஞ்சமாக ஆச்சரியப்பட்டார் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.