நாத்தனார் வீட்டு மாடி

எங்கள் சுகாதாரத் துறையில் அவளை ‘டார்ச் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது எங்கள் இருவருக்கும் வேலை. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழேயே நிற்பேன்; அவள் விறுவிறுவென்று ஏணியில் ஏறிவிடுவாள். வக்கீல் வீடு, போலீஸ்காரர் வீடு என்றெல்லாம் தயங்கமாட்டாள். யாராவது முறைத்தால், “உங்க வீட்டுக் கொசு மட்டும் என்ன, லைசென்ஸ் வாங்கிட்டா கடிக்குது?” என்று வாயை அடைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் நாத்தனார் வீட்டில் மட்டும் பெட்டிப் பாம்பு. ஒருமுறை அங்கே தொட்டியைத் திறந்ததற்கு, “எங்க சுத்தத்தையே சோதிக்க வந்துட்டீங்களா அண்ணி?” என்று நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தங்கைக்காக அக்காவின் புருஷனும் பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அதன்பிறகு அங்கே போனால் டீ குடிப்போம், வெளிப்படி வழியே மாடி ஏறிப் பார்த்துவிட்டதாகச் சுவரில் சாக்பீஸால் தேதி போடுவோம், கிளம்புவோம். எனக்கென்ன, டீ நன்றாக இருக்கும்.

போன வாரம் நாத்தனார் மகளுக்கு டெங்கு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேதி கேட்டதும் அக்கா நேரே அந்த மாடிக்கு ஓடினாள். மூச்சு வாங்க நானும் பின்னாலேயே ஏறினேன். தொட்டி மூடி உடைந்து கிடந்தது. உள்ளே புழுக்கள் நெளிந்தன.

“ஐயோ, பிள்ளையை நானே கொன்னுட்டேனே!”

“வாயைக் கழுவுக்கா! பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது” என்று அதட்டிவிட்டு, மருந்தை ஊற்றி, அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

வார்டில் பிள்ளை கொசுவலைக்குள் துவண்டு கிடந்தாள். இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை என்றார்களாம் டாக்டர்கள். நாத்தனார் ஓடிவந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டுத் தையல்காரி வளர்த்த கொசுவால அண்ணி. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்தேன். எங்க வீட்டைத்தான் நீங்க வாராவாரம் பார்க்கிறீங்களே!”

நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். மருந்துதான் ஊற்றியாயிற்றே, இனி யாருக்குத் தெரியப்போகிறது? அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“அவங்க மேல தப்பில்ல. புழு உங்க தொட்டியிலதான். அன்னைக்கு அப்புறம் நான் மாடிக்கு ஏறவே இல்லம்மா. ஏறாமயே தேதி போட்டேன். நீ கோவிச்சுக்குவியேன்னு...”

நாத்தனார் பிடித்த கையை விட்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று பயந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“நான் கோவிச்சா கோவிச்சுட்டுப் போறேன். பிள்ளைக்காகவாவது ஏறியிருக்கக் கூடாதா அண்ணி?”

“ஏறியிருக்கணும்” என்றாள் அக்கா. பிள்ளையின் கொசுவலை ஓரத்தை இழுத்துச் செருகினாள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.